எத்தனை தாய் மரம்? விதை எடுக்கும் முன் தெரிந்து கொள்ள வேண்டியவை



நாற்றங்கால் போடும் குழுக்களைப் பார்க்கப் போகும்போதெல்லாம் நாங்கள் இரண்டு கேள்வி கேட்பது வழக்கம். ஒன்று, விதை எங்கே எடுத்தீங்க? இரண்டு, எத்தனை மரத்தில் எடுத்தீங்க? முதல் கேள்விக்கு உடனே பதில் வந்து விடும். கிணத்து மேட்டு மரம், பள்ளிக்கூடத்து மரம், கோயில் மரம் என்று. இரண்டாவது கேள்விக்கு மட்டும் சிரிப்புதான் வரும். "ஒரு மரத்துலயே ரெண்டு மூட்டை காய் கிடைக்குது, எதுக்கு பத்து மரத்தைத் தேடி அலையணும்?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கூலி இல்லாமல் வெயிலில் அலைவது யாருக்கும் பிடிக்காது. இதற்குச் சரியான பதிலை இரண்டு வரியில் சொல்ல முடியாது என்பதால் இந்த இதழில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

இதை விளக்க, நம்ம ஆடுகள் விரும்பித் தின்னும் சவுண்டல் மரத்தின் கதையை எடுத்துக் கொள்வோம். சில ஊர்களில் சூபாபுல் என்றும், சில ஊர்களில் கூபாபுல் என்றும் சொல்கிறோம். வரப்பிலும் வேலியிலும் நிற்கிற, நமக்குப் பழகிப் போன மரம். ஆனால் இது நம்ம ஊர் மரம் இல்லை. மெக்சிகோ நாட்டிலிருந்தும் அதை ஒட்டிய மத்திய அமெரிக்க நாடுகளிலிருந்தும் வந்தது.

வீட்டுக் கொல்லையில் பிறந்த மரம்

மெக்சிகோவில் சவுண்டல் குடும்பத்தைச் சேர்ந்த மரங்கள் பல வகை இருக்கின்றன. எல்லா நாட்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் சுமார் 24 இனங்கள். அங்கே இதன் காயை குவாஹே என்கிறார்கள். நாம் அவரைக்காயை உரித்துப் பருப்பு எடுப்பது போல, அங்குள்ள பெண்கள் இந்தக் காயை உரித்து பச்சைப் பருப்பைச் சாப்பிடுகிறார்கள், துவையல் அரைக்கிறார்கள், கட்டுக்கட்டாகச் சந்தையில் வைத்து விற்கிறார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இருக்கும் பழக்கம் இது. வாஹாகா என்று அங்கே ஒரு மாநிலமே இருக்கிறது. அந்தப் பெயரே இந்த மரத்தை வைத்து வந்ததுதான். நம்ம ஊரில் புளியங்குடி, வேப்பங்குளம் என்று இருக்கிறதே, அது மாதிரி.

காட்டில் இந்த இனங்கள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி வளர்ந்தவை. ஒன்று மலைமேல், ஒன்று ஆற்றங்கரை, இன்னொன்று வறண்ட சரிவு. காய்க்காக மக்கள் பத்துக்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்டு வந்து வீட்டுக் கொல்லையில் பக்கத்தில் பக்கத்தில் நட்டார்கள். காட்டில் சந்திக்கவே வாய்ப்பில்லாத இரண்டு இனங்கள் கொல்லையில் அடுத்தடுத்து நின்றன. வண்டும் தேனீயும் மகரந்தத்தை மாற்றிப் போட்டன. அப்படி இரண்டு இனம் கலந்து பிறந்த பிள்ளைதான் நம்ம ஊர் சவுண்டல் என்று, மரபணுவை வைத்துச் செய்த ஆராய்ச்சியில் 2007-ல் விஞ்ஞானிகள் எழுதினார்கள். ஆய்வுக்கூடத்தில் யாரும் உட்கார்ந்து செய்த ஒட்டு இல்லை. வீட்டுக்குப் பின்னால் யாரோ ஊன்றி வைத்த விதை.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். காட்டில் இருக்கிற சவுண்டல் இனங்களில் பெரும்பாலானவை தன் பூவின் மகரந்தத்தை தானே ஏற்றுக் கொள்ளாது. வேறு மரத்து மகரந்தம் வந்தால்தான் காய் பிடிக்கும். அதனால் காட்டு மரத்தின் ஒவ்வொரு விதையும் வேறு வேறு அப்பாவுக்குப் பிறந்தது மாதிரி. ஒன்று உயரமாகப் போகும், ஒன்று கிளை விட்டுப் படரும், ஒன்று வறட்சியைத் தாங்கும், இன்னொன்று பூச்சியைத் தாங்கும். இந்த வித்தியாசத்தைத்தான் படித்தவர்கள் மரபியல் பன்மை என்கிறார்கள். பெயர் பெரிசாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். ஒரே குடும்பத்தில் பிறந்தாலும் ஒருத்தி கணக்கில் கெட்டி, ஒருத்தி பேச்சில் கெட்டி, ஒருத்திக்குச் சளியே பிடிக்காது என்று இருக்கிறோமே, அதேதான்.

ஆனால் நம்மிடம் வந்த சவுண்டல் அப்படி இல்லை. அது தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக் காய்க்கும். ஒற்றை மரமாக நின்றாலும் காய் கொத்துக் கொத்தாகத் தொங்கும். அதனால்தான் அது இவ்வளவு வேகமாகப் பரவியது. அம்மா எப்படியோ பிள்ளையும் அப்படியே, பேத்தியும் அப்படியே.

ஒரு கைப்பிடி விதை

மெக்சிகோவை ஸ்பெயின்காரர்கள் ஆண்ட காலத்தில், 1565 முதல் 1815 வரை, அங்கிருந்து பிலிப்பைன்ஸ் நாட்டுக்குக் கப்பல் போய் வந்து கொண்டிருந்தது. அந்தக் கப்பல்களில் சவுண்டல் விதையும் போனது. அங்கிருந்து ஆசியா முழுவதும், பசிபிக் தீவுகளிலும் பரவியது. போனது எவ்வளவு விதை? மூட்டை மூட்டையாகப் போயிருக்காது. ஏதோ கொஞ்சம் போயிருக்கும். உலகம் முழுக்கப் பரவிய அந்தப் பழைய, குட்டையான, புதர் மாதிரி வளரும் சவுண்டலைப் பரிசோதித்தால் எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சாக இருக்கிறது.

அப்புறம் வந்தது ராட்சத சவுண்டல். ஹவாய் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புரூபேக்கர் என்ற விஞ்ஞானி, மெக்சிகோவிலிருந்தும் எல் சால்வடாரிலிருந்தும் உயரமாக வளரும் வகைகளை எடுத்து ஆராய்ந்து பரப்பினார். அதில் கே-8 என்ற வகை பெயர் பெற்றது. 1970-களில் இந்தியாவுக்கும் வந்தது. மகாராஷ்டிராவில் பாயிஃப் தொண்டு நிறுவனம் இதைப் பெரிய அளவில் விவசாயிகளிடம் கொண்டு போனது. 1977-ல் அமெரிக்க அறிவியல் கழகம் இந்த மரத்தைப் பற்றித் தனிப் புத்தகமே போட்டது. தீவனம், விறகு, தழை உரம், காகிதக் கூழ் எல்லாம் ஒரே மரத்தில் என்பதால் அதிசய மரம் என்று பேர் வாங்கியது. அரசு, வங்கி, தொண்டு நிறுவனம் என எல்லோரும் இதையே நடச் சொன்னார்கள். ஒரே மரத்தை எல்லா நோய்க்கும் மருந்து மாதிரிச் சொல்லிக் கொடுப்பது எங்களைப் போன்ற தொண்டு நிறுவனத்துக்காரர்களுக்கு எப்போதும் இருக்கிற ஆசை. அதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பேன் மாதிரி ஒரு பூச்சி

1980-களில் ஒரு சின்னப் பூச்சி கிளம்பியது. சில்லிட் என்று பெயர். ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். பச்சை கலந்த மஞ்சள் நிறம். தொட்டால் தாவும். சவுண்டல் கொழுந்தில் முட்டை வைத்து, குஞ்சுகள் கூட்டமாக உட்கார்ந்து சாறு குடிக்கும். கொழுந்து சுருங்கி, கருகி, இலை கொட்டி விடும். இரண்டு மூன்று வாரத்தில் அடுத்த தலைமுறை தயாராகி விடும்.

இந்தப் பூச்சியும் சவுண்டலின் சொந்த ஊர்ப் பக்கத்துப் பூச்சிதான். அங்கே அதைத் தின்ன வண்டுகள் இருந்தன. தாங்கும் மரங்களும் இருந்தன. ஊர் தாண்டி வந்த இடத்தில் இரண்டும் இல்லை. 1984-ல் ஹவாய். 1985-ல் பிலிப்பைன்ஸ். 1986-ல் இந்தோனேசியா, ஆஸ்திரேலியா. 1987-ல் இலங்கை. 1988-ல் நம்ம தென்னிந்தியா. 1992-ல் கென்யா. கடலைத் தாண்டிக் கடலைத் தாண்டி எட்டே வருஷத்தில் பாதி உலகத்தைச் சுற்றி விட்டது.

ஒவ்வொரு இடத்திலும் அதற்குக் கிடைத்தது ஒரே சாப்பாடு. ஒரு மரத்தைத் தின்னப் பழகிய பூச்சிக்கு எல்லா மரமும் அதே மரம்தான். ஒரே சாவி ஊரிலுள்ள எல்லா பூட்டுக்கும் பொருந்தினால் திருடனுக்கு எவ்வளவு வசதி, யோசித்துப் பாருங்கள்.

பாதிப்பு யாருக்கு என்றால், இந்த மரத்தை மட்டும் நம்பியவர்களுக்குத்தான். இந்தோனேசியாவில் திமோர் தீவில் அமராசி என்று ஒரு பகுதி. அங்கே ஒவ்வொரு குடும்பமும் சவுண்டல் நட வேண்டும் என்று ஊர்க் கட்டுப்பாடே இருந்தது. மலைச்சரிவு முழுக்க சவுண்டல், வீட்டில் கட்டிப் போட்ட மாடு, தினம் வெட்டிப் போடும் தழை என்று அந்த ஊர்ப் பொருளாதாரமே அதில்தான் ஓடியது. மாட்டைக் கொழுக்க வைத்து விற்றுத்தான் பிழைப்பு. 1986-ல் பூச்சி வந்ததும் தழை இல்லை. தழை இல்லாவிட்டால் மாடு இல்லை. நம்ம ஊரில் குழுக்கடன் வாங்கி 5 ஆடு பிடித்து, சவுண்டலை மட்டும் நம்பி வளர்க்கிற குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். கோடையில் தழை இல்லையென்றால் ஆட்டைப் பாதி விலைக்குத் தள்ளி விட வேண்டி வரும். மாதத் தவணையை ஆடு கட்டாது, நாம்தான் கட்ட வேண்டும்.

நம்ம நாட்டுக்கு பூச்சி வந்த 1988-லேயே, அதைத் தின்னும் நீலக் கறுப்பு நிறப் பொறிவண்டு ஒன்றை தாய்லாந்திலிருந்து கொண்டு வந்து விட்டார்கள். அந்த வண்டும் மெக்சிகோ பக்கத்து வண்டுதான். கடும் வெயிலும் பூச்சிக்கு ஒத்துக் கொள்ளாது. அதனால் இங்கே சவுண்டல் அடியோடு அழியவில்லை. இன்றும் பனிக்காலத்தில் கொழுந்து கருகியிருந்தால் திருப்பிப் பாருங்கள், இந்தப் பூச்சி உட்கார்ந்திருக்கும். கோடையில் தானாகக் குறைந்து விடும். ஆட்டுக்குப் போடும் தழை என்பதால் மருந்து அடிக்கக் கூடாது.

மருந்து காட்டில் இருந்தது

இப்போதுதான் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். பூச்சி தாக்கிய பிறகு விஞ்ஞானிகள் எங்கே தேடினார்கள்? உலகம் முழுக்க நட்டிருந்த கோடிக்கணக்கான சவுண்டலில் தேடிப் பிரயோஜனம் இல்லை, எல்லாம் ஒரே அச்சு. மெக்சிகோவுக்கும் குவாத்தமாலாவுக்கும் திரும்பிப் போய், காட்டிலும் வீட்டுக் கொல்லைகளிலும் இருந்த மற்ற சவுண்டல் இனங்களின் விதைகளைச் சேகரித்தார்கள். ஹவாய் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகமும் இதில் நிறைய வேலை செய்தன. பல நாடுகளில் நட்டுப் பார்த்தார்கள்.

பூச்சி சில இனங்களைத் தொடவே இல்லை. காலின்சி என்ற இனம் அப்படி. மெக்சிகோ மலைப்பகுதியைச் சேர்ந்த பாலிடா என்ற இனமும் நன்றாகத் தாங்கியது. இன்னும் சிலவற்றில் ஒரே இனத்துக்குள்ளேயே ஒரு மரம் தாங்கியது, பக்கத்து மரம் கருகியது. இந்தக் காட்டு மரங்களுக்கு முன்பு பெரிய மதிப்பு எதுவும் இல்லை. அதிசய மரத்தின் ஏழைச் சொந்தக்காரர்கள் மாதிரிக் கிடந்தவை. பாலிடாவையும் நம்ம சவுண்டலையும் கலந்து ஹவாயில் ஒரு புது ரகம் உண்டாக்கினார்கள். ஆஸ்திரேலியாவிலும் அதே பாலிடாவின் தாங்கும் குணத்தைச் சவுண்டலுக்குள் கொண்டு வந்து ரெட்லேண்ட்ஸ் என்ற ரகத்தை வெளியிட்டார்கள். நம்ம சவுண்டல் இனத்திலேயே மெக்சிகோவின் வட பகுதியில் எடுத்த ஒரு வகை, தாரம்பா என்று பெயர், ஓரளவு தாங்கும். பூச்சியால் அடிபட்ட இந்தோனேசியத் தீவுகளில் அதை நட்டு இன்று மறுபடி மாடு வளர்க்கிறார்கள்.

பூச்சி வருவதற்கு முன்பே அந்தக் காடு முழுவதும் வெட்டப்பட்டிருந்தால்? கேட்கவே வேண்டாம். அங்கேயும் காட்டுக்கு நல்ல காலம் இல்லை. மத்திய அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருந்த வறண்ட காடுகள் மாட்டு மேய்ச்சலுக்காகவும் பயிருக்காகவும் அழிக்கப்பட்டு, மிகக் கொஞ்சமே மிச்சம். சவுண்டல் இனத்தில் மாக்னிஃபிகா என்று ஒன்று, குவாத்தமாலாவில் ஒரே ஒரு மாவட்டத்தில் சொற்ப இடங்களில் மட்டும் நிற்கிறது. அதன் விதைக்குள் என்ன குணம் இருக்கிறது, நாளைக்கு எந்தப் பூச்சிக்கு அது பதிலாகும் என்று இன்றைக்கு யாரால் சொல்ல முடியும்?

கிளைரிசிடியாவும் இப்படித்தான். வரப்பில் போத்து நட்டால் வந்து விடும், தழை உரத்துக்கு வெட்டுகிறோம். அதன் சொந்த ஊரும் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா. 1980-களில் ஆக்ஸ்ஃபோர்டு விஞ்ஞானிகள் அந்தக் கரையோரம் முழுக்கப் போய், ஊர் ஊராகக் காட்டு மரங்களில் விதை எடுத்து, பல நாடுகளுக்கு அனுப்பி ஒரே நேரத்தில் நடச் செய்தார்கள். ஒரே இனம்தான், ஆனால் எந்த ஊர்க் காட்டில் எடுத்தது என்பதைப் பொறுத்துத் தழை மகசூலில் பெரிய வித்தியாசம். குவாத்தமாலாவின் ரெட்டலுலெயு, நிகராகுவாவின் பெலென் ரிவாஸ் என்ற இரண்டு இடத்து விதைகள் பல நாடுகளில் முன்னால் வந்தன. அந்த ஊர்க்காரர்களுக்கே தங்கள் வேலி மரம் இவ்வளவு உசத்தி என்று தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஒரு சின்னச் செய்தி, ஆடு வளர்ப்பவர்களுக்காக. சவுண்டல் தழையில் மிமோசின் என்று ஒரு நச்சுப் பொருள் உண்டு. அதிகம் தின்றால் முடி கொட்டும், கழுத்து வீங்கும். ஆஸ்திரேலியாவில் மாடுகள் இதனால் அவதிப்பட்டன, ஆனால் ஹவாய் ஆடுகள் அதே தழையைத் தின்று நன்றாக இருந்தன. காரணம் தேடிய ரேமண்ட் ஜோன்ஸ் என்ற விஞ்ஞானி, ஹவாய் ஆட்டின் வயிற்றில் அந்த நச்சை உடைக்கும் ஒரு நுண்ணுயிரி இருப்பதைக் கண்டார். அதை ஆஸ்திரேலிய மாடுகளுக்குக் கொடுத்ததும் பிரச்சனை தீர்ந்தது. ஆக பன்மை என்பது மரத்தில் மட்டும் இல்லை, ஆட்டு வயிற்றிலும் இருக்கிறது. நம்ம ஆடுகளுக்கு மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சவுண்டல் போட வேண்டாம்.

கிடா மாற்றுவது தெரியும், மரம்?

விதை எத்தனை மரத்தில் எடுப்பது என்ற கேள்விக்கு வருவோம்.

ஆடு வளர்க்கும் பெண்களுக்கு நாங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரே கிடாவை வருஷக் கணக்கில் மந்தையில் விட்டால் என்ன ஆகும்? அது தன் குட்டிகளோடேயே சேரும். குட்டி எடை குறையும், நோஞ்சானாகப் பிறக்கும், செத்துப் பிறப்பதும் கூடும். அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பக்கத்து ஊரில் கிடா மாற்றிக் கொள்கிறோம். சுகாதாரப் பயிற்சியில் ரத்த சொந்தத்தில் கல்யாணம் வேண்டாம் என்று செவிலியர் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான்.

வேம்பு, புளி, வாகை, புங்கன், கிளைரிசிடியா எல்லாம் பெரும்பாலும் வேறு மரத்து மகரந்தத்தை வாங்கிக் காய்ப்பவை. ஒரே தாய் மரத்து விதையை எடுத்து 5,000 கன்று வளர்த்து ஒரு பஞ்சாயத்து முழுக்க நட்டால், அந்த 5,000 மரமும் அக்கா தங்கை, அண்ணன் தம்பி. அவை வளர்ந்து பூத்து, ஒன்றோடொன்று மகரந்தம் மாற்றி, அந்த விதையில் அடுத்த முறை நாற்றங்கால் போட்டால்? மந்தையில் கிடா மாற்றாத கதைதான். வித்தியாசம் என்னவென்றால், ஆட்டில் இரண்டு வருஷத்தில் கண்ணுக்குத் தெரிந்து விடும். மரத்தில் தெரிய 15, 20 வருஷம் ஆகும். அதற்குள் நாற்று விற்ற குழுவும் மறந்திருக்கும், வாங்கிய விவசாயியும் மறந்திருப்பார்.

அதனால் இந்த மரங்களுக்கு விதை எடுக்கும்போது 30 தாய் மரமாவது இருக்க வேண்டும் என்பது வனத்துறையினரும் விஞ்ஞானிகளும் சொல்லும் கணக்கு. 30 என்றதும் மலைக்க வேண்டாம். ஒரே நாளில், ஒரே ஊரில் எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு குழுவில் 15 பேர் இருக்கிறோம். ஆளுக்கு இரண்டு மரம் தன் தோட்டத்திலோ, அம்மா வீட்டு ஊரிலோ பார்த்து எடுத்தால் முடிந்தது. உறவு பார்க்கப் போகும்போது ஒரு பை எடுத்துக் கொண்டு போங்கள். பெண்கள் கல்யாணமாகி ஊர் விட்டு ஊர் வந்தவர்கள். இந்த வேலைக்கு ஆண்களைவிட நமக்கு வசதி அதிகம்.

ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் 100 மீட்டராவது இடைவெளி இருக்கட்டும். பக்கத்தில் பக்கத்தில் நிற்பவை அநேகமாக ஒரே தாயின் விதை விழுந்து முளைத்தவை. சுற்றிலும் தன் இனமே இல்லாமல் ஒற்றையாக நிற்கும் மரத்தை விட்டு விடுங்கள், எவ்வளவு காய்த்திருந்தாலும் சரி. அது தன் மகரந்தத்திலேயே காய்த்திருக்க வாய்ப்பு அதிகம். எல்லா மரத்திலிருந்தும் ஒரே அளவு விதை. ஒரு படி என்றால் எல்லாவற்றிலும் ஒரு படி. நன்றாகக் காய்த்த மரத்தில் இரண்டு மூட்டையும், மற்றதில் ஒரு கைப்பிடியும் எடுத்துக் கலந்தால் 30 மரம் என்ற பேர்தான் இருக்கும், பலன் இருக்காது. நோய் விழுந்த மரம், வளைந்து நெளிந்த மரம் வேண்டாம். ஆனால் அழகான மரமாக மட்டும் பொறுக்கிப் பொறுக்கி மூன்று மரத்தில் வந்து நின்று விடவும் கூடாது.

வேப்பம் விதைக்கு இன்னொரு அவசரம் உண்டு. பழம் பொறுக்கிய இரண்டு வாரத்துக்குள் விதைத்து விட வேண்டும். தள்ளிப் போட்டால் முளைப்பு பாதியாகி விடும். அதனால் 30 மரம் சேர்க்க மாதக் கணக்கில் காத்திருக்க முடியாது. எல்லோரும் ஒரே வாரத்தில் பொறுக்க வேண்டும். புளிக்கு இந்த அவசரம் இல்லை, காய வைத்து எடுத்து வைக்கலாம்.

சவுண்டலுக்கு மட்டும் கணக்கு வேறு

இதையெல்லாம் படித்து விட்டு, சரி, இனி சவுண்டலையும் 30 மரத்தில் எடுப்போம் என்று கிளம்பி விடாதீர்கள். ஏன்னா, மேலே சொன்னது போல நம்ம ஊர்ச் சவுண்டல் எல்லாம் ஒரே குடும்பம். 30 மரத்தில் எடுத்தாலும் 300 மரத்தில் எடுத்தாலும் பெரிய வித்தியாசம் வராது. இங்கே பன்மையைக் கொண்டு வர வேண்டுமென்றால் வேறு வேறு மரங்களைச் சேர்த்து நடுவதுதான் வழி. சவுண்டல் ஒரு பங்கு போதும். கூடவே அகத்தி, கிளைரிசிடியா, வாகை, பெருமரம், வேம்பு என்று கலந்து நடுங்கள். இந்தோனேசியாவில் பூச்சி வந்த பிறகு பல விவசாயிகள் கிளைரிசிடியாவுக்கு மாறித்தான் மாட்டைக் காப்பாற்றினார்கள். பூச்சி வந்த பிறகு நட்டால் தழைக்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். முன்பே வரப்பில் நின்றால் அன்றைக்கே வெட்டலாம்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. சவுண்டல் கட்டுக்கடங்காமல் பரவும் மரம். உலகத்தின் மோசமான 100 அந்நிய உயிரினங்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் இதுவும் இருக்கிறது. ஓடைக்கரை, காட்டு ஓரம், புறம்போக்கு இங்கெல்லாம் நட வேண்டாம். வரப்பில் நட்டதையும் காய் முற்றுவதற்கு முன் வெட்டி ஆட்டுக்குப் போட்டு விடுங்கள். தழையும் கிடைக்கும், பரவவும் செய்யாது.

போத்து நட்டு வளர்க்கும் மரங்களிலும் கவனம் வேண்டும். போத்து என்பது அதே மரத்தின் துண்டு. 100 போத்து நட்டாலும் அது ஒரே மரம்தான். கல்யாண முருங்கையை மிளகுக்கும் வெற்றிலைக்கும் கொடிக்காலாக அப்படித்தான் தலைமுறையாக நட்டு வந்தோம். 2000-களின் நடுவில் இலையில் முடிச்சு போடும் ஒரு சிறு குளவி வந்தது. கேரளாவில் மிளகுத் தோட்டங்களில் கல்யாண முருங்கை வரிசையாகப் பட்டுப் போனது. கிளைரிசிடியாவையும் போத்தில் மட்டுமே பெருக்காமல், சில வருஷத்துக்கு ஒரு தடவையாவது பல மரத்து விதையில் கன்று எடுங்கள்.

ஒட்டுக் கன்றும் குளோன் கன்றும் இதே கணக்குதான். பெரியகுளம் ஒட்டுப் புளி சீக்கிரம் காய்க்கும், குளோன் சவுக்கு ஒரே சீராக வளரும், விற்கவும் சுலபம். வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வருமானத்துக்கு நடுங்கள். ஆனால் அதற்காக ஊரில் நிற்கும் பழைய புளிய மரங்களை வெட்டிப் போட்டு விட்டு ஒட்டு மட்டும் வைப்பது சரியில்லை. ஒட்டு கட்ட எடுத்த குச்சியும் ஒரு காலத்தில் இப்படிப்பட்ட ஒரு மரத்திலிருந்து வந்ததுதான். பழைய மரத்தில் ஒன்று சதை அதிகம், ஒன்று செம்புளி, ஒன்று மழையே இல்லாத வருஷத்திலும் காய்க்கும். புளி உரித்து விற்கும் குழுக்களுக்கு எந்த மரத்துப் புளி எப்படி என்பது நாக்கிலேயே இருக்கும். அந்த விவரத்தை எழுதி வைத்தால் விஞ்ஞானிக்கே உதவும்.

காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டைப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். கிளுவை வேலி, கீழே கொழுக்கட்டைப் புல், நடுவில் அங்கங்கே வெள்வேல மரம். அந்த மரத்தை யாரும் நாற்றங்காலில் வளர்த்து நட்டதில்லை. ஆடு காயைத் தின்று, புழுக்கையோடு போட்டு, மழைக்கு முளைத்தது. ஆடு இந்த மரம்தான் வேண்டும் என்று பார்ப்பதில்லை, நாலு மரத்துக் காயையும் தின்னும். 30 மரத்தில் எடுக்கச் சொல்லி நாங்கள் இவ்வளவு பக்கம் எழுதுவதை அது சத்தமில்லாமல் செய்து வந்தது. இப்போது கொறங்காடு மனையாக மாறிக் கொண்டிருக்கிற இடங்களில் அந்த விதையும் போகிறது.

விதை நோட்டு

நாற்றங்கால் போடும் குழுக்கள் தீர்மான நோட்டு, கணக்கு நோட்டு மாதிரி விதைக்கு ஒரு தனி நோட்டு வைக்கச் சொல்கிறோம். எழுத வேண்டியது அதிகமில்லை. மரத்தின் பெயர், எந்த ஊர், யார் நிலம், எத்தனை மரம், எடுத்த தேதி, எடுத்தவர் பெயர், எத்தனை படி, எந்தப் பாத்தியில் விதைத்தது, எத்தனை முளைத்தது. நாற்று விற்கும்போது வாங்குபவர் பெயரையும் எழுதுங்கள். நாற்று வாங்க வருகிற விவசாயிக்கு இந்த நோட்டைக் காட்டினால், "எங்க நாத்து 32 மரத்து விதை" என்று சொல்லியே ஒரு ரூபாய் கூடுதலாகக் கேட்கலாம். தனியார் நாற்றங்காலில் இந்த விவரம் கேட்டால் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

அம்மா ஊரிலிருந்து விதை கொண்டு வருகிறவர்கள் வேறு வேறு பையில் போட்டு, துண்டுச் சீட்டில் மரத்தின் இடத்தை எழுதி உள்ளே வைத்து விடுங்கள். கலப்பதைக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் படி அளந்து கலக்கலாம். சவுண்டல் விதையாக இருந்தால், தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, கொஞ்சம் ஆறியதும் விதையைப் போட்டு 5 நிமிஷத்தில் வடித்து விட்டு, குளிர்ந்த தண்ணீரில் ஒரு ராத்திரி ஊற வைத்து மறுநாள் விதையுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் தோல் கெட்டியாக இருப்பதால் பாதி விதை மண்ணுக்குள் அப்படியே கிடக்கும்.

வேப்பம்பழம் பொறுக்கும் காலம் ஜூன், ஜூலை. அதற்கு முந்தைய மாதக் கூட்டத்திலேயே யார் யார் எந்த மரம் என்று பிரித்து, தீர்மான நோட்டில் எழுதிக் கொள்ளுங்கள். ஊக்குநர், பிரதிநிதிகள் அந்தப் பட்டியலில் ஒரு நகலைக் கூட்டமைப்பு அலுவலகத்தில் கொடுத்தால், பக்கத்துப் பஞ்சாயத்துக் குழுக்களோடு விதை மாற்றிக் கொள்ள ஏற்பாடு செய்ய எங்களுக்கு வசதியாக இருக்கும்.